பன்னிரண்டு மதிப்பெண் கட்டுரை

கயல்,

உன் கல்யாணப் பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டு உன் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் படித்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை. பிறகு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், நீ சொல்லியனுப்பியதைச் சொன்னாள். "தாரை வார்க்க மாமாவும் அத்தையும் உக்காருவாங்களாம். நீங்க வரலாமாம், வாழ்த்தலாமாம்." பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுப்பது பெற்றவன் செய்ய வேண்டியது. அவன் இல்லாமல் போனால்தான் இன்னொருவர் அந்த இடத்தில் உட்காருவார். நான் ஐம்பத்தாறு வயதில், சர்க்கரை நோயைத் தவிர வேறு குறையில்லாமல், இதே சிங்கப்பூரில், பிடோக் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் யாரை உட்கார வைக்கிறாய்? அம்மாவின் தம்பியை. ஒவ்வொரு குடும்ப விருந்திலும் என்னைக் கேலி பேசியே பசியாறுகிறவனை. "ஏன்?" என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. "அவ உங்கள ஒரு கேள்வி கேட்டா. நீங்க பொய் சொன்னீங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

அன்றே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். உன்னைப் படிக்க வைத்தது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் வரிசையாக இருந்தன. திரும்பப் படித்தபோது, விண்ணப்பத்தோடு இணைக்கும் சான்றிதழ்க் கட்டு போலிருந்தது. கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது கடிதம். இதை ஒரு தமிழ் இதழில் வெளியிட அனுப்புகிறேன். நான் தப்பை இருபது பேர் முன்னால் செய்தேன். உன்னிடம் மட்டும் தனியாக வருத்தப்பட்டால் அது தப்பித்துக்கொள்வதாகிவிடும். இதில் நஸ்ரின் என்று வருபவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அது அவள் பெயர் இல்லை. மாற்றி எழுதச் சொன்னாள். கயல் என்று உன்னைக் கூப்பிடுவது நானும் அம்மாவும் மட்டும்தான் என்பதால் உன்னையும் யாரும் அடையாளம் காண மாட்டார்கள்.

2023 டிசம்பர் விடுமுறை. தேக்காவில் பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் என் துணைப்பாட வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரியில் மாணவர்கள் ஜி.பி. என்று சொல்லும் பொதுத்தாள் பாடத்துக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நீ அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாய். சனிக்கிழமைகளில் வந்து எனக்காகக் கட்டுரைகள் திருத்துவாய். "சிறிய நாடுகள் பிறருடைய போர்களில் பக்கம் சேரக்கூடாது. ஆராய்க" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். காஸாவில் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் எதை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். எதை எழுத வேண்டும் என்று நான்தான் குறிப்புகள் கொடுத்திருந்தேன். எந்தெந்த நாடு யாரை ஆதரிக்கிறது என்று ஒரு பட்டியல், அதன் கீழே நடுநிலையாக இரண்டு பத்தி.

நஸ்ரின் அந்தப் பட்டியலைத் தொடவேயில்லை. அக்டோபரில் இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்களையும் கடத்திக்கொண்டு போகப்பட்டவர்களையும் முதல் பத்தியிலேயே சொல்லி, அதற்கு எந்தச் சாக்கும் இல்லை என்று எழுதியிருந்தாள். பிறகு காஸாவுக்கு வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது செய்தி தொடங்கியதும் தன் அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்துவிடுவதையும், அணைத்த பிறகும் யாரும் சாப்பிடாமல் இருப்பதையும் நான்கு வரியில் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எத்தனை நாடுகள் ஆதரிக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, எண்ணிக்கை மாறும்போது மனசாட்சியும் மாறும்." பதினேழு வயதுப் பெண் எழுதியது. நீ பென்சிலில் முப்பதுக்கு இருபத்து மூன்று போட்டு, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தாய். நான் அதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் பன்னிரண்டு போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எல்லார் முன்னாலும் அதை உரக்கப் படித்தேன். எப்படி எழுதக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிப் படித்தேன். ரிமோட் வந்த இடத்தில் நிறுத்தி, "தேர்வு அதிகாரிக்கு உங்க அப்பா என்ன சேனல் பார்க்கிறார்னு தெரியணுமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். சிரிப்பு வந்த உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னேன். "வீட்ல பேசுறத வீட்லயே வச்சுட்டு வாம்மா." அவள் தலையில் முக்காடு போட்டிருந்தாள். வகுப்பில் முக்காடு போட்டவள் அவள் ஒருத்திதான். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. அவள் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்து, பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் நீ மாடிப்படியில் என்னை நிறுத்தினாய். "அப்பா, அந்தக் கட்டுரை நல்லா இல்லன்னு நீங்க நெஜமா நெனைக்கிறீங்களா?" என்றாய். "உணர்ச்சி அதிகம்" என்றேன். "அப்ப அடுத்த வாரம் நஸ்ரினக் கூப்பிட்டு சாரி சொல்லுங்க. இல்லன்னா நான் வரல." நான் சிரித்தேன். "சம்பளம் இல்லாத வேலைக்கு ராஜினாமாவா?" என்றேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நீ வகுப்புக்கு வரவில்லை. வேலை கிடைத்ததும் ஜூரோங்கில் அறை எடுத்துக்கொண்டு போனாய். பயணத் தூரம் காரணம் என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ஏன் அப்படி ஆனேன் என்பதற்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். பல வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது. நான் தொடக்கக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது ஈராக் போர் வந்தது. நம் அரசு அமெரிக்காவை ஆதரித்தது. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, அந்தப் போர் தவறு, மாணவர்களிடம் அதைச் சொல்ல நமக்கு உரிமை வேண்டும் என்று பேசினேன். மறு வருடம் துறைத் தலைவர் பதவி என்னைவிட ஆறு வயது இளையவனுக்குப் போனது. என் பாடக்குறிப்புகளைக் கடன் வாங்கிப் பாடம் நடத்தியவன். இன்றைக்கும் அவனை எங்கேயாவது பார்த்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். கருத்துச் சொன்னதற்குத் தண்டனை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவேளை என் முன்கோபம் காரணமாக இருக்கலாம். அம்மா அப்போதே அதைத்தான் சொன்னாள். ஆனால் தண்டனை என்பது எனக்கு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து பத்திரமாகும்வரை எதையும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்தேன்.

இஸ்ரேல் விஷயத்தில் பத்திரமான இடம் எது என்று என் தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேசிய சேவையில் இருந்தபோது எங்கள் சார்ஜன்ட் பெருமையாகச் சொல்வார்: நம் படை பிறந்தபோது பயிற்சி கொடுக்க வந்தவர்கள் இஸ்ரேலியர்கள், ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவர்களை மெக்சிகர்கள் என்று கூப்பிட்டார்களாம். பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன நாடு. அவர்களும் நம்மைப் போல என்று கேட்டு வளர்ந்தோம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் இருக்கும் பாலஸ்தீனர்களும் யாரைப் போலவாவது இருப்பார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. 2023 தீபாவளிக்கு நம் வீட்டில் மாமா அதையேதான் கைப்பேசியில் வந்த வீடியோக்களைக் காட்டி முழங்கினான். நான் தலையாட்டினேன். நீ முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

பிறகு காற்று மாறத் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்கள். ஸ்பெயின், அயர்லாந்து, நார்வே பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. நான் பட்டியலைத் திருத்தினேன். மறு வருடம் பட்டினியில் எலும்பாகிப்போன பிள்ளைகளின் படங்கள் வந்தன. இளைய அமெரிக்கர்களிடம் இஸ்ரேலுக்கான ஆதரவு சரிகிறது என்று கருத்துக்கணிப்புகள் கூறின. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாக அங்கீகரித்தன. நம் அரசின் சொற்களும் கடுமையாகின. நான் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திருத்தி, கீழே உள்ள இரண்டு பத்தியையும் ஓர் அங்குலம் நகர்த்தினேன். ஒரே தாவலில் மாறவில்லை. ரயிலில் கூட்டம் நகரும்போது நாமும் கால் பெயராமல் நகர்ந்துவிடுவோமே, அப்படி. 2025 தீபாவளிக்கு அதே மேசையில் நான், "இதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பதும் குற்றம்தான்" என்று எடுத்து விட்டேன். உன் வாக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் நீ சொன்னபோது அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லியிருந்தேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "அத்தான், போன தடவ நீங்க என் பக்கம் இருந்தீங்களே லா. எந்த ஸ்டேஷன்ல எறங்கினீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்கும் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இந்தத் தலைப்புத் தேர்வில் வரலாம் என்று எல்லா வகுப்புகளிலும் பேச்சு. மாணவர்கள் மாதிரிக் கட்டுரை கேட்டார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன், வரவில்லை. பட்டியல் வந்தது, கட்டுரை வரவில்லை. பழைய கோப்புகளில் நஸ்ரினின் கட்டுரை இருந்தது. வகுப்பில் படிப்பதற்காக எடுத்து வைத்த நகல். அதைத் தட்டச்சு செய்தேன். அவள் பெயரை எடுத்தேன். "என் அப்பா" என்பதை "ஒரு தந்தை" என்று மாற்றினேன். ரிமோட்டை அப்படியே விட்டேன். அந்த நான்கு வரிக்கு எதிரே ஓரத்தில், "படிப்பவரின் மனதைத் தொடும் சொந்த அனுபவம், இதைக் கவனிக்கவும்" என்று குறிப்பும் போட்டேன். முப்பது பேருக்கு நகலெடுத்துக் கொடுத்தேன். இந்த ஊரில் ஒரு துணைப்பாட ஆசிரியரின் மாதிரிக் கட்டுரை எவ்வளவு வேகமாகக் கை மாறும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் அது நீ பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்துவிட்டது.

நீ படம் எடுத்து அனுப்பினாய். கீழே ஒரு வரி: "அப்பா, இது நஸ்ரினோடதுதானே?" நான் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லை. நான் எழுதியது" என்று அனுப்பினேன். நீ பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. வேறு எதுவும் வரவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மேராவுக்குப் போனேன். பழைய வகுப்புப் பதிவில் முகவரி இருந்தது. நஸ்ரினின் அப்பா கதவைத் திறந்தார். பேருந்து ஓட்டுநர், சீருடைச் சட்டையோடுதான் இருந்தார், மாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போல. நான் யாரென்று சொன்னதும் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க சார், வாங்க. சார் வீடு தேடி வந்திருக்கீங்களே, புள்ள எதாச்சும் தப்புப் பண்ணிடுச்சா?" என்றார். நான் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் இதைவிட வலித்தது இல்லை. அவர் அடிக்க நினைக்கவில்லை.

"இல்லங்க. தப்புப் பண்ணினது நான்" என்று சொல்லி, அந்த மாதிரிக் கட்டுரைத் தாளை நஸ்ரினிடம் கொடுத்தேன். இப்போது செவிலியர் படிப்பு படிக்கிறாள். நின்றுகொண்டே முழுவதையும் படித்தாள். ஓரக்குறிப்பு வந்த இடத்தில் நின்று, அதை அப்பாவிடம் காட்டினாள். "அத்தா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மார்க் கட்டுரை சார் இது. எந்த நாடு அங்கீகரிச்சப்ப பாஸாச்சு?"

"நஸ்ரின்!" என்றார் அவள் அப்பா.

"அவ கேக்கட்டும்" என்றேன். வகுப்பில் சொன்னதற்கு, வீட்டில் பேசுவதைப் பற்றிச் சொன்னதற்கு, திருடியதற்கு, மூன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

"சரி சார். இப்ப நீங்க என்ன நெனைக்கிறீங்க? அதச் சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். ஒரு பக்கம் இஸ்ரேலியரின் பாதுகாப்பு அச்சம், மறு பக்கம் பாலஸ்தீனரின் துயரம், மாறிவரும் உலகக் கருத்து, சிறிய நாடுகளின் நிலை. இருபது வருடப் பழக்கம், நிறுத்தாமல் வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "சார், இது நோட்ஸ்" என்றாள். "எனக்கு நோட்ஸ் வேணாம். உங்க பொண்ணு, அந்த அக்காதான் ஏ லெவல் பரீட்ச வரைக்கும் எனக்கு லைப்ரரில உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. நோட்ஸ் குடுக்க மாட்டாங்க. நீ என்ன நெனைக்கிறன்னுதான் முதல்ல கேப்பாங்க."

அது எனக்குத் தெரியாது, கயல். நீ வகுப்பை விட்டுப் போனாய் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணை நான் விட்ட இடத்திலிருந்து நீ எடுத்து நடத்திக்கொண்டிருந்தாய் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகு நோட்ஸ் வாயில் வரவில்லை. உள்ளே இருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. நீ எழுதினது சரின்னு தெரியும். வகுப்புலயே அதான் நல்ல கட்டுரைன்னும் தெரியும். தெரிஞ்சுதான் பன்னெண்டு போட்டேன்."

"நான் நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சேன் சார்" என்றாள். "நெறைய பேரு மாறினாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தி, சைனீஸ், என்கூட ஒரு வருஷம் சண்ட போட்டா. அப்புறம் பாத்து, படிச்சு, அழுது, தானே வந்து சொன்னா. அவ மேல எனக்கு மரியாத. நீங்க மாறவே இல்லயே சார். தெரியாம இருந்தவங்களவிட நீங்க மோசம்."

அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "விடும்மா, பெரியவரு" என்றார். "நான் ஒண்ணும் தப்பா சொல்லல அத்தா" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு அவர்கள் கட்டாயம் வருகிறார்களாம். நீ முதல் பத்திரிகையே அவர்களுக்குத்தான் கொடுத்தாயாம். என்னை மின்தூக்கிவரை வந்து வழியனுப்பினார் அவர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மனிதர் வழக்கமாகவே அப்படிக் கை கொடுப்பவராக இருக்கலாம்.

ரயிலில் திரும்பும்போது அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாடுகள் மாறுகின்றன, சில வெட்கப்பட்டு, சில ஓட்டுக்காக. மனிதர்கள் மாறுகிறார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை, பார்த்துவிட்டு மாறாமல் இருப்பதுதான் கேவலம். ஆனால் நான் அந்த இரண்டு கூட்டத்திலும் இல்லை. தெரிந்ததை, பத்திரமாகும்வரை, உள்ளே பூட்டி வைத்திருந்தேன். பத்திரமான பிறகு அது என்னிடம் இல்லை. ஒரு பெண்ணிடம் திருட வேண்டியிருந்தது. நான் பூட்டி வைத்திருந்த காலத்தில் அங்கே எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள் என்பது என் சொல்லால் மாறியிருக்காது. மாடிப்படியில் உன்னைப் பார்த்துச் சிரித்தது மாறியிருக்கும். எனக்கு அதைச் சொல்லத்தான் அருகதை இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஒன்றே ஒன்று. உன் மாணவர்களுக்கு நான் கொடுத்ததுபோலப் பட்டியல் கொடுக்காதே. நீ கொடுக்க மாட்டாய் என்று தெரியும்; எழுதி வைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். போன சனிக்கிழமை வகுப்பில் அந்த மாதிரிக் கட்டுரையை எழுதியது நான் இல்லை என்று சொன்னேன். யாருடையது, என்ன மதிப்பெண் போட்டேன் என்றும் சொன்னேன். ஒரு பையன் கை தூக்கி, "அப்ப சார், எக்ஸாம்ல இத எழுதலாமா கூடாதா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அவனுக்கு அப்படித்தான் நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது கல்யாண விஷயம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மனசு இளகி முடிவை மாற்றிவிடாதே. தாரை வார்க்க மாமாவே உட்காரட்டும். அவன் பேசுவது எனக்குப் பிடிக்காது. பல நேரம் காது கூசும். இந்தப் போரைப் பற்றி அவன் சொல்வது தவறு என்று அடுத்த விருந்தில் அவன் முகத்துக்கு நேரே, உலகம் எந்தப் பக்கம் இருந்தாலும், சொல்லப் போகிறேன். ஆனால் ஊரே எதிராகத் திரும்பிய பிறகும் அவன் தான் நம்பியதைத்தான் சொல்கிறான், ஏச்சும் வாங்கிக்கொள்கிறான். உன் கையை எடுத்து இன்னொருவர் கையில் வைக்கிறவன், அந்த நேரத்தில் சொல்வதையாவது நம்பிச் சொல்கிறவனாக இருக்க வேண்டும். எனக்கு அவன்மேல் உள்ள பகை அப்படியேதான் இருக்கிறது. இருந்தும் இதை எழுதுகிறேன்.

அன்று காலை சீக்கிரமே வந்துவிடுகிறேன். நஸ்ரின் வீட்டார் உட்காரும் வரிசைக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் இருந்தால் போதும். தாலி கட்டும்போது எல்லாரோடும் சேர்ந்து எழுந்து அட்சதை போடுகிறேன். கூட்டத்தோடு நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

அப்பா